பொட்டு வைத்த ஸ்க்ரூ

நான்காவது சுற்றில் ஸ்க்ரூ நின்றுவிட்டது.

உசாமி மொரியோ அதைக் கழற்றி, வாயால் ஊதி, பேண்ட்டில் துடைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். நாலு மில்லி ஓட்டையில் ஐம்பத்து மூன்று வயதுக் கண்ணுக்கு என்ன தெரியும்? இருட்டு தெரிந்தது. மறுபடி விட்டார். முதல் மூன்று சுற்றும் வெண்ணெயாகப் போயிற்று. பிறகு, ஏதோ மறந்துபோன கோபம் ஞாபகம் வந்தாற்போல், ஸ்க்ரூ நின்றுகொண்டது.

யாய்சு துறைமுகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, முள்ளங்கியும் மீன் உருண்டையும் குழம்பில் வேகவைத்து விற்கும் தொமிகோவின் ஓதேன் கடைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் இது நடந்தது. கடையில் கருங்குழம்பு கொதிக்கிற வாசனை கொட்டகை வரை வந்தது. தொமிகோவின் அறுபத்தேழாம் வருஷத்து நூற்றிருபத்தைந்து சிசி வண்டி, முப்பது வயதான வண்டி, வயிறு திறந்து நின்றது. அதன் கார்பரேட்டர் ஒரு பழைய செய்தித்தாளின் மேல் உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் பெட்ரோல் தேங்கும் சின்னக் கிண்ணத்தை நாலு ஸ்க்ரூ போட்டு மூட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அந்த அவ்வளவுதான் வேலையில் உசாமியின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தன.

போன வாரம் தொமிகோ சொல்லியிருந்தாள்: "உசாமி சான், உதைச்சு உதைச்சு என் முட்டி போயிடுச்சு. இந்த ஞாயித்துக்கிழமை ஓமாஎசாகி கலங்கரை விளக்கம் வரைக்கும் ஓடுச்சுன்னா வெச்சுக்குவேன். ஓடலன்னா திங்கக்கிழமை டோக்கியோக்காரர் வந்து எடுத்துட்டுப் போகட்டும். பழைய வண்டி வாங்குற ஆளு. நாலு தடவை போன் பண்ணிட்டார்."

தொமிகோவுக்கு ஐம்பது வயது. புருஷனைப் பத்து வருஷத்துக்கு முன்னாலேயே விவாகரத்துச் செய்து அனுப்பிவிட்டு, கடையையும் வண்டியையும் தன் பக்கம் வைத்துக்கொண்டவள். பழைய வண்டிக்காரர்கள் சங்கம் ஞாயிறுதோறும் கடலோரமாக எங்காவது போகும். அதில் ரொம்ப மெதுவான வண்டி உசாமியுடையது. அது ஐம்பது சிசி. சட்டப்படி மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது; சட்டம் சும்மா இருந்தாலும் வண்டி போகாது. அதற்கும் பின்னால் தொமிகோ வருவாள். தனியாக வரும் பெண்ணுக்குத் துணையாகத்தான் மெதுவாகப் போகிறோம் என்று உசாமி முதல் வருஷம் முழுக்க நம்பினார். யாருக்கு யார் துணை என்பது அவருக்குப் புரிய இரண்டாம் வருஷம் ஆயிற்று. புரிந்த நாளிலிருந்து ஞாயிறு ஒன்றுதான் அவருக்குக் கிழமை. வண்டி போய்விட்டால் அவள் ஏன் வரப்போகிறாள்? ஓதேன் கடையில் போய் உட்காரலாம்தான். ஆனால் அங்கே எல்லாரும் உட்காருகிறார்கள்.

ஆகவே, "எங்கிட்ட விடுங்க" என்று சொல்லிவிட்டார். உசாமியின் வாழ்க்கையில் பெரும்பாலான சங்கடங்கள் அந்த இரண்டு வார்த்தையில்தான் ஆரம்பித்திருக்கின்றன.

ஆரம்பம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. எஞ்சின் பக்கவாட்டில், தீப்பொறிக்கான பாயிண்ட் இருக்கும் அறையின் வட்ட மூடியைத் திறந்தார். ஸ்க்ரூத் தலைகள் யாரோ கடித்துத் துப்பியதுபோல் இருந்தன. ஒவ்வொரு தலையிலும், சிலுவைக் குழிக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு பொட்டு. பொட்டு என்றால் என்ன என்று உசாமிக்குத் தெரியும். மெக்கானிக் கட்சுமத்தா சங்கக் கூட்டங்களில் சாக்கே உள்ளே போனதும் அதைத்தான் பேசுவான். அந்தக் காலத்தில் இந்த நாட்டு ஸ்க்ரூவுக்கு மரை, அதாவது உடம்பைச் சுற்றி ஓடும் வரி, கொஞ்சம் அகலம். அறுபதுகளில் உலகத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்று மரையை நெருக்கமாக மாற்றினார்கள். பழசும் புதுசும் கலந்து போகாமல் இருக்க, புது மரை ஸ்க்ரூவின் தலையில் ஒரு பொட்டுக் குத்தினார்கள். பொட்டு இருந்தால் புதுசு, இல்லாவிட்டால் பழசு. உசாமி பொட்டு வைத்த புது ஸ்க்ரூக்களை வாங்கி வந்து போட்டார். பாயிண்ட் மூடி சிரித்துக்கொண்டே மூடியது. அன்று சாயங்காலம் அவர் கொஞ்சம் மார்பை நிமிர்த்தி நடந்ததாகக் கேள்வி.

பிறகு கார்பரேட்டர். அதன் நாலு ஸ்க்ரூவிலும் பொட்டு இருந்தது. அவற்றுக்கும் தலை தேய்ந்திருந்தது. அதே கடையில், அதே பொட்டோடு நாலு மில்லி ஸ்க்ரூ வாங்கினார். அதுதான் இப்போது நின்றுகொண்டிருந்தது. நாலு ஓட்டையிலும் முயன்று பார்த்தார். நாலும் பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே இடத்தில் நின்றன.

இந்த இடத்தில் உசாமியின் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். துறைமுகத்து ஐஸ் ஆலையில், ஆளுயர ஐஸ் பாளங்களை நொறுக்கும் இயந்திரத்துக்குள் தள்ளுகிறவர். பாளம் சிக்கினால் தோளைக் கொடுத்து ஒரு தள்ளு, போய்விடும். அவர் கற்ற ஒரே தொழில்நுட்பம் அதுதான். அதை இங்கேயும் கையாண்டார். ஸ்க்ரூ டிரைவரை உள்ளங்கையில் அழுத்தி, மூச்சைப் பிடித்து, ஒரு திருகு.

'கறுக்' என்று ஒரு சத்தம். அதன் பிறகு ஸ்க்ரூ ரொம்பச் சமர்த்தாகச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"உசாமி சான், எப்படிப் போகுது?" என்று கடைக்குள்ளிருந்து தொமிகோவின் குரல் வந்தது.

"நல்லாப் போகுது! ரொம்ப லேசாச் சுத்துது!" என்றார். பொய் ஒன்றும் இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தபோது ஸ்க்ரூவின் மரையில் வெள்ளியாய் ஒரு சுருள் ஒட்டியிருந்தது. அது கார்பரேட்டரின் சதை.

மறுநாள் வேலை முடிந்ததும் கார்பரேட்டரை மதியச் சாப்பாட்டுத் துணியில் கட்டிக்கொண்டு கட்சுமத்தாவின் பட்டறைக்குப் போனார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வகுப்பில், ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கியவர்கள். அதனால் மரியாதைக்கு அங்கே வேலை இல்லை.

"இதெல்லாம் எதால தெறந்தே? பல்லாலயா?" என்றான் கட்சுமத்தா, பழைய ஸ்க்ரூக்களின் தலையைப் பார்த்து.

"தலை முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு. ஓட்டையைப் பாரு. ஒண்ணு போயிடுச்சு."

கட்சுமத்தா விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். உச்சுக்கொட்டினான். "பழைய மரை ஓட்டையில புது ஸ்க்ரூவை ஏத்தியிருக்கே. எத்தனை கூட்டத்துல கத்தியிருக்கேன்? நாலு மில்லின்னா எல்லாம் ஒண்ணுன்னு நெனச்சியா? ரெண்டுக்கும் ஒரு தலைமுடி கனம்தான் வித்தியாசம். மூணு சுத்துக்கு ஒத்துப்போற மாதிரி நடிக்கும். அப்புறம் காலை வாரிடும்."

"கத்தினே. பொட்டு இருந்தா புதுசுன்னு கத்தினே. பொட்டு இருந்துச்சு."

"இருக்காது."

"இருக்குது."

"உன் கண்ணு ஐஸ்ஸப் பாத்துப் பாத்து வெளுத்துப்போச்சுய்யா. குடு."

மரை அளக்கும் சீப்பு ஒன்று அவனிடம் இருந்தது. பல் பல்லாக வெட்டிய மெல்லிய தகடுகள், கத்திபோல் மடியும். பழைய ஸ்க்ரூ ஒன்றை எடுத்து ஒரு தகட்டை அதன் மேல் வைத்து வெளிச்சத்தில் பிடித்தான். இடுக்கில் ஒளி கசிந்தது. அடுத்த தகட்டை வைத்தான். ஒளி அடைந்துபோயிற்று. "பாத்தியா? பழசு. பச்சைப் பழசு." ஸ்க்ரூவைத் திருப்பி, ஜெயித்தவன் முகத்தோடு தலையைப் பார்த்தான்.

பொட்டு இருந்தது.

கட்சுமத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மறுபடி அளந்தான். அடுத்ததை எடுத்து அளந்தான். நாலும் பழைய மரை. நாலு தலையிலும் பொட்டு. ஒரு பிஸ்கட் டப்பாவைத் தரையில் கவிழ்த்து, முப்பது வருஷமாகச் சேர்த்த ஸ்க்ரூக்களில் கை போனதை எல்லாம் எடுத்து அளந்து பார்த்தான். மொட்டைத் தலை எல்லாம் பழசு, பொட்டுத் தலை எல்லாம் புதுசு. உலகம் ஒழுங்காகத்தான் இருந்தது. இந்த நாலு மட்டும் உலகத்தில் சேரவில்லை.

"ஒருவேளை," என்றார் உசாமி, "மாத்துன வருஷம் இல்லையா? ஃபேக்டரியில திங்கக்கிழமை காலையில, ஞாயித்துக்கிழமை குடிச்சவன் எவனாவது..."

"நாலுலயுமா?"

"நிறையக் குடிச்சிருப்பான்."

கட்சுமத்தா சிரிக்கவில்லை. ஸ்க்ரூவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சொந்தத் தம்பி வேறு கட்சிக்கு ஓட்டுப் போட்டதைக் கேள்விப்பட்டவன்போல் உட்கார்ந்திருந்தான். "எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா? பொட்ட நம்புங்கன்னு. என் பொண்ணு கல்யாணத்துலகூடச் சொன்னேன்."

"அப்ப என் மேல தப்பு இல்லையா?"

"ஓட்டையக் கெடுத்தது நீதான். ஏமாந்தது ரெண்டு பேரும்." பெருமூச்சு விட்டான். "ஓட்டையைப் பெரிசாக்கி அஞ்சு மில்லி மரை வெட்டணும். இந்த இடத்துல உலோகம் காகிதம் மாதிரி இருக்கு, அவசரப்பட்டா விரிஞ்சுடும். மத்த மூணுக்கும் பழைய மரை ஸ்க்ரூ தேடணும். நாகோயாவுல ஒருத்தன்கிட்ட கேக்கறேன்."

"ஞாயித்துக்கிழமைக்குள்ள?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரும். இது வராது."

சனிக்கிழமை மதியம் உசாமி, மன்னிப்புக் கேட்கப் போகிறவர்கள் கையோடு எடுத்துப்போகும் பயறு இனிப்புப் பெட்டியில் நடுத்தர அளவு ஒன்றை வாங்கினார். சின்னது வாங்கினால் தப்பைச் சின்னதாக நினைத்ததாகிவிடும். பெரியது வாங்கினால் அவள் பயந்துவிடுவாள். கடை இன்னும் திறக்கவில்லை. தொமிகோ உள்ளே மாட்டுத் தசைநாரை மூங்கில் குச்சியில் குத்திக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"யார் செத்தாங்க?"

"கார்பரேட்டர்," என்றார் உசாமி. இடுப்பு வரை குனிந்தார். குனிந்தபடியே எல்லாவற்றையும் தரையிடம் சொன்னார். மரை, சுற்று, 'கறுக்', லேசாகச் சுற்றுகிறது என்று சொன்னது என எதையும் விடவில்லை. "நாளைக்கு ஓடாது. மன்னிச்சுடுங்க. பொட்ட நம்பினேன். பொட்டு எப்படித் தப்பா இருக்கும்னு கட்சுவுக்கே புரியல. ரெண்டு நாளா அவன் சரியாச் சாப்பிடலையாம்."

உசாமி மெல்ல நிமிர்ந்தார். தொமிகோ குச்சியால் தன் கன்னத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.

"பொட்டுன்னா... தலையில இருக்குமே, சின்னதா?"

"ஆமா."

"அது நான் வெச்சது."

உசாமி இனிப்புப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, வருஷக் கடைசிப் பெரிய சுத்தம் பண்ணும்போது," என்றாள் தொமிகோ. "கடையெல்லாம் கழுவி முடிச்சேன். வண்டி மட்டும் அழுக்கா நிக்குதேன்னு, அதையும் பல் தேய்க்கிற பிரஷ்ஷால ஒண்ணொண்ணா தேச்சேன். தேய்க்கும்போதுதான் பாத்தேன். பாதி ஸ்க்ரூவுக்கு அழகா ஒரு பொட்டு இருக்கு, பாதி மொட்டையா இருக்கு. எனக்கு மனசே கேக்கல. ஒரு வீட்டுப் பிள்ளைங்களுக்குள்ள வித்தியாசம் பாக்கலாமா? புது வருஷம் வேற பொறக்குது. நண்டு ஓடு உடைக்கிற சுத்தியல் இருக்குல்ல, அதையும் ஒரு ஆணியையும் எடுத்து..."

"எதுக்கெல்லாம் வெச்சீங்க?"

"மொட்டையா இருந்த எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்."

"ஹெட்லைட் வளையத்துக்கு வைக்கும்போதுதான் கை வலிச்சுது. ஆனா விடல."

உசாமிக்கு அந்த வண்டி முழுவதும் கண்முன் வந்து நின்றது. ஒவ்வொரு தலையிலும் பொட்டு. எது உண்மை எது அன்பு என்று இனி எந்த மனிதனும் கண்டுபிடிக்க முடியாது. கோபம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தார். வரவில்லை. டிசம்பர் குளிரில் கொட்டகையில் குந்தி உட்கார்ந்து, பாவப்பட்ட ஸ்க்ரூக்களுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த ஒருத்தியை நினைத்தபோது அவருக்கு வேறு ஏதோதான் வந்தது.

"அப்ப தப்பு என்னுது," என்று தொமிகோ குனிந்தாள்.

"இல்லல்ல, முறுக்கினது நான்," என்று உசாமி குனிந்தார்.

"நான் வெக்காம இருந்திருந்தா நீங்க முறுக்கியிருக்கவே மாட்டீங்க."

"நின்னதும் நான் நிறுத்தியிருக்கணும்."

இப்படி மாறி மாறிக் குனிந்ததில் இருவர் தலையும் முட்டிக்கொள்ளாமல் போனது அடுப்பு நடுவில் இருந்ததால். கடைசியில் தொமிகோ பெட்டியைப் பிரித்து ஆளுக்கொரு இனிப்பை எடுத்து வைத்தாள்.

"அப்ப நாளைக்கு ஓடாது."

"ஓடாது."

"ஓடலன்னா வித்துடுவேன்னு சொல்லியிருந்தேன்."

"சொன்னீங்க." கையிலிருந்த மிச்ச இனிப்பைக் கீழே வைத்தார். இனிப்பு உலர்ந்திருந்ததுதான் காரணம் என்று உசாமி முடிவு செய்துகொண்டார்.

தொமிகோ கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் இருந்த தொலைபேசியிடம் போனாள். அவர் எதிரிலேயே எண்ணைச் சுழற்றினாள். உசாமி எழுந்து போவதா, உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் நின்றார்.

"ஹலோ, யாய்சுலேர்ந்து பேசறேன். ஆமாங்க, ஓதேன் கடை... திங்கக்கிழமை விஷயமாத்தான். வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடணும். கார்பரேட்டர்ல ஒரு ஓட்டை கெட்டுப்போச்சு. பெரிசாக்கி வேற மரை வெட்டப் போறாங்க... ஆமா, ஒண்ணே ஒண்ணுதான்... பரவாயில்லையா? ரொம்ப நல்ல மனசு உங்களுக்கு."

உசாமி உட்கார்ந்துவிட்டார்.

"இன்னும் ஒண்ணு," என்றாள் தொமிகோ. உசாமிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள். "ஸ்க்ரூத் தலையில பொட்டு இருக்கும் பாருங்க. அதுல பாதி நான் வெச்சது... ஆணியாலங்க... இல்ல, ஒண்ணு ரெண்டு இல்ல... ஹெட்லைட்டுலயும்தான்... மீட்டர்லயும்... ஏன்னா? மொட்டையா இருந்துச்சு, அதான்... ஹலோ? ஹலோ?"

கொஞ்ச நேரம் ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்துவிட்டு மாட்டினாள்.

"என்ன சொன்னார்?"

"ஃபேக்டரியிலேர்ந்து வந்த மாதிரியே இருந்தாத்தான் வேணுமாம். ஓட்டையக்கூடப் பொறுத்துக்கிட்டார். பொட்டத் தாங்கிக்க முடியல. அழுவுற மாதிரி இருந்துச்சு குரல்." மறுபடி உட்கார்ந்து அடுத்த குச்சியை எடுத்தாள். "வரலியாம்."

உசாமி அவள் முகத்தைப் பார்த்தார். கைக்கு வர வேண்டிய காசு போன முகமா, பெரிய பாரம் இறங்கிய முகமா? ஒரு தலைமுடி கனம்தான் வித்தியாசம் இருந்திருக்கும். அதை அளக்க அவரிடம் சீப்பு இல்லை. பொட்டைப் பற்றி டோக்கியோக்காரர் கேட்கவே இல்லையே, இவளாகத்தானே சொன்னாள் என்று நினைத்தார். நேர்மையான பெண், அதனால் சொன்னாள் என்று நினைத்தார். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் தலை சுற்றியது.

"நாளைக்கு நான் ஓமாஎசாகி போறதாத்தான் இருக்கேன்," என்றாள் தொமிகோ, குச்சியைப் பார்த்துக்கொண்டே. "சாப்பாடுகூடக் கட்ட அரிசி ஊறப் போட்டாச்சு. உங்க வண்டியில பின்னாடி இடம் இருக்கா?"

"ஐம்பது சிசியில ரெண்டு பேர் போனா போலீஸ் புடிப்பான்."

"அது எனக்குத் தெரியாதா? மரியாதைக்குக் கேட்டேன். பஸ்ஸு எட்டு மணிக்கு."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறிப் போனார்கள். கடலோரச் சாலையில் சங்கத்து வண்டிகள் வரிசையாக முந்திக்கொண்டு போயின. கட்சுமத்தா கடைசியாகப் போனான். ஜன்னலில் உசாமியைப் பார்த்ததும் அவன் வண்டி ஒரு கணம் தள்ளாடியது. உசாமி இருக்கைக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார். தொமிகோ கையை முழுசாக நீட்டி, துறைமுகத்தில் கப்பலுக்கு ஆட்டுவதுபோல் ஆட்டினாள்.

தேயிலைச் சரிவுகள் வந்தபோது உசாமி கேட்டேவிட்டார். "தொமிகோ சான், அந்தப் பொட்டு விஷயத்த அவர்கிட்ட வேணும்னேதான் சொன்னீங்களா?"

"மறைக்கச் சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல."

"அப்ப சொன்னது சரிதானே."

இது பதிலா இல்லையா என்று உசாமி இரண்டு நிறுத்தம் வரை யோசித்தார்.

"வண்டி ரெடியாக எவ்வளவு நாள் ஆகும்?" என்று அவள் கேட்டாள்.

"ஒவ்வொரு ஸ்க்ரூவாக் கழட்டி, மரையை அளந்து, எது பழசு எது புதுசுன்னு பிரிக்கணும். கட்சுவோட சீப்பைக் கடன் வாங்கணும். ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எனக்கு லீவு. அப்படிப் பாத்தா வசந்த காலம் ஆயிடும்."

"வசந்த காலமா." தொமிகோ மடியிலிருந்த சாப்பாட்டு மூட்டையின் முடிச்சைச் சரிசெய்தாள். "அவசரம் ஒண்ணும் இல்ல. நான் பக்கத்துல உக்காந்து வெளக்கப் புடிக்கறேன். மெதுவாவே பண்ணுங்க."

மெதுவாகச் செய்யச் சொன்னது ஸ்க்ரூவையா என்று கேட்க வாய் திறந்த உசாமி, கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பதற்காக, இறங்குகிறவர்கள் அழுத்தும் ஜன்னலோரத்து மணியை அழுத்திவிட்டார்.

பஸ்ஸெங்கும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஓட்டுநர் பணிவாக நிறுத்தத்தின் பெயரைச் சொன்னார். அது ஓமாஎசாகி இல்லை. இருவரும் இதற்குமுன் கேட்டே இராத ஒரு பெயர். பஸ் நின்றது, கதவு திறந்தது. மணியை அழுத்தி, பஸ்ஸை நிறுத்தி, இறங்காமல் உட்கார்ந்திருப்பதா? இத்தனை பேர் பார்க்க? உசாமியின் காது சிவந்தது. எழுந்து, ஓட்டுநருக்கு நன்றி சொல்லி, இறங்கினார். தொமிகோ மூட்டையோடு பின்னால் இறங்கினாள்.

பஸ் போய்விட்டது. சுற்றிலும் தேயிலை. கலங்கரை விளக்கம் எங்கும் தெரியவில்லை. கடல் சத்தம் மட்டும் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் கேட்டது.

"எந்தப் பக்கம்?" என்றாள் தொமிகோ.

"எங்கிட்ட..." என்று ஆரம்பித்த உசாமி, வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். "தெரியல," என்றார்.

"எனக்கும்தான்," என்றாள் அவள். மூட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.